முன்னால் தள்ளும், பின்னால் இழுக்கும்

மண் சாலையில் ஓடும் பேருந்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் புழுதியில் ஓடி வந்து நிற்கும் பேருந்தின் எந்தக் கண்ணாடியில் தூசி அதிகம் படிந்திருக்கும்? முன் கண்ணாடியிலா, பின் கண்ணாடியிலா?

எதிர்க்காற்றில் மோதிக்கொண்டு செல்வது முன் கண்ணாடி. ஆகவே அதில்தான் தூசி அதிகம் இருக்க வேண்டும் என்று தோன்றும். நேரில் போய்ப் பாருங்கள். முன் கண்ணாடி ஓரளவு தெளிவாகவே இருக்கும். பின் கண்ணாடியிலோ விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி! பேருந்து தான் கிளப்பிய தூசியை விட்டு விலகி முன்னே ஓடுகிறது. அப்படியிருந்தும் தூசி அதைத் துரத்தி வந்து முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை கண்டால், நெடுஞ்சாலையில் ஓடும் லாரி குடிக்கும் டீசலில் ஒரு பெரும் பங்கு எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும். சைக்கிளில் பள்ளிக்குச் செல்பவர்கள் லாரியிடமிருந்து ஏன் விலகியே இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

காற்றுக்கும் கனம் உண்டு

காற்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதற்கு எடையே இல்லை என்பதுபோல நாம் நடந்துகொள்கிறோம். உண்மையில் தரைமட்டத்தில் 1 கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம்.

பெட்டிபோல் உடலமைப்பு கொண்ட ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்புப் பரப்பு 8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 1 கி.மீ. தூரம் செல்லும்போது, தன் பாதையில் உள்ள 8,000 கன மீட்டர் காற்றை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். அந்தக் காற்றின் நிறை 9,600 கிலோகிராம். அதாவது, ஏறத்தாழ பத்து டன்! ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து டன் காற்றைப் பக்கவாட்டிலும் மேலேயும் விலக்கி, தான் கடந்து சென்றபின் மீண்டும் ஒன்றுசேர விடுவது லாரியின் வேலை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சென்றால், ஒவ்வொரு வினாடியும் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட காற்று இவ்வாறு விலக்கப்படுகிறது.

விலக்குவது பாதி வேலைதான். விலகிய காற்றை மீண்டும் அமைதியாக ஒன்றுசேர்ப்பது மீதிப் பாதி. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் விலக்குவதே கடினம் என்று சொல்வார்கள். காற்றின் விடை வேறு.

முன்புறம் நடப்பது

லாரியின் தட்டையான முகப்பின் நடுவில் வந்து மோதும் காற்றுக்கு உடனே ஒதுங்க இடமில்லை. அது அங்கே நின்றுவிடுகிறது. நின்ற காற்றின் இயக்க ஆற்றல் அழுத்தமாக மாறுகிறது. ஆகவே முகப்பின் நடுப்பகுதியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் கூடுகிறது. இந்த அழுத்தம் லாரியைப் பின்னோக்கித் தள்ளுகிறது.

அங்கிருந்து காற்று நாற்புறமும் ஓரங்களை நோக்கி விரைகிறது. ஓரத்தை அடைந்ததும் அது திரும்பி, லாரியின் பக்கங்களை ஒட்டிப் போக வேண்டும். முகப்பின் ஓரம் கத்திபோல் கூர்மையாக, செங்கோணமாக இருந்தால் காற்றால் அப்படித் திரும்ப முடியாது. வேகமாக வரும் பேருந்து குறுகிய முனையில் சட்டென்று திரும்ப முடியாமல் சாலையை விட்டு விலகிப் போவதில்லையா? அதுபோல் காற்றும் பக்கச் சுவரை விட்டு விலகிப் போய்விடும். சுவருக்கும் விலகிய காற்றுக்கும் இடையே சுழல்கள் நிரம்பிவிடும்.

ஓரம் வளைவாக இருந்தால் நிலைமை மாறுகிறது. காற்று வளைவைத் தழுவிக்கொண்டே திரும்புகிறது. அப்போது அதன் வேகம் கூடுகிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும் என்பது பெர்னௌலியின் தேற்றம். இதில் ஓர் அழகான செய்தி இருக்கிறது. வளைந்த ஓரத்தின் பரப்பு ஓரளவு முன்னோக்கிப் பார்த்தபடி இருப்பதால், அங்குள்ள குறைந்த அழுத்தம் லாரியை முன்னோக்கி இழுக்கிறது! முகப்பின் நடுவே பின்னோக்கித் தள்ளும் விசையில் பெரும்பகுதியை இது ஈடுகட்டிவிடுகிறது. ஓரத்தைச் சிறிது வளைத்தாலே பெரும் பலன் கிடைப்பதன் இரகசியம் இதுவே.

பின்புறம் நடப்பது

இனி லாரியின் பின்புறத்துக்கு வருவோம். பக்கங்களை ஒட்டி வந்த காற்று, பின்சுவர் முடியும் இடத்தில் உள்நோக்கித் திரும்பி, லாரி விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப வேண்டும். ஆனால் அதனால் முடிவதில்லை. இதற்கான காரணத்தை 1904-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலறிஞர் லுட்விக் பிராண்டில் விளக்கினார்.

எந்தப் பொருளையும் தொட்டுக்கொண்டு செல்லும் காற்று, அந்தப் பரப்பின்மீது ஒட்டிக்கொள்கிறது. அதற்கு அடுத்த அடுக்கு சற்று நகர்கிறது. அதற்கு அடுத்தது இன்னும் சற்று வேகமாக நகர்கிறது. இவ்வாறு பரப்பை ஒட்டி, வேகம் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு உருவாகிறது. இதற்கு எல்லைப் படலம் என்று பெயர். உராய்வினால் ஆற்றலை இழந்த சோம்பேறிக் காற்று இது.

ஒரு பொருள் பின்புறம் நோக்கி ஒடுங்கும்போது அதைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் உயர்கிறது. உயரும் அழுத்தத்தை எதிர்த்துச் செல்வது மேட்டில் சைக்கிள் மிதிப்பதைப் போன்றது. வேகமாக வந்தவர் மேட்டில் ஏறிவிடுவார். களைத்து வந்தவர் பாதியிலேயே நின்று, பின்னோக்கி உருளத் தொடங்குவார். எல்லைப் படலத்தில் உள்ள காற்று களைத்துப்போன காற்று. மேடு செங்குத்தாக இருந்தால் அது ஏற முடியாமல் நின்று, பரப்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பின்புறம் செங்கோணமாக வெட்டப்பட்ட லாரியில் மேடு என்ன, சுவரே எழுந்து நிற்கிறது. ஆகவே விளிம்பிலேயே காற்று பிரிந்துவிடும்.

பிரிந்த காற்று நேரே பின்னால் போய்விட, லாரியின் பின்சுவரை ஒட்டி ஓர் இடம் நிரம்பாமல் நிற்கிறது. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. இந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று சுருண்டு சுருண்டு உள்ளே புகுகிறது. அதில் ஒரு பகுதி லாரி செல்லும் திசையிலேயே ஓடி வந்து பின்சுவரில் மோதுகிறது. சக்கரங்கள் கிளப்பிய புழுதியையும் அது சுமந்து வருகிறது. பேருந்தின் பின் கண்ணாடியில் தூசி படியும் மர்மம் இப்போது தெளிவாகிவிட்டதல்லவா? புகைபோக்கியிலிருந்து வரும் நச்சுப் புகையும் இதே வழியில் திரும்பி வரக்கூடும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேன் ஓட்டுவது ஆபத்து என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாரி போனபின்பும் இந்தச் சுழல்கள் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கின்றன. சாலையோரத்துச் சருகுகளும் காகிதத் துண்டுகளும் எழுந்து சுற்றுவது அதனால்தான். அவற்றைச் சுழற்றும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? லாரியின் டீசலிலிருந்து! கடைசியில் அது வெப்பமாக மாறி வெளியில் கலந்துவிடுகிறது. யாருக்கும் பயனில்லை.

மெழுகுவர்த்தியைக் கேட்டுப் பாருங்கள்

சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று வீசாத அறையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அதற்கு முன்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில் உருண்டையான ஒரு பாட்டிலை வையுங்கள். பாட்டிலின் மறுபுறமிருந்து, சுடரின் உயரத்திற்கு நேராக ஊதுங்கள். பாட்டில் மறைத்திருந்தும் சுடர் பின்னால் சாயும். சற்றுப் பலமாக ஊதினால் அணைந்தும் போகலாம். பாட்டிலின் வளைவைத் தழுவிச் சென்ற காற்று அதன் பின்னால் ஒன்றுசேர்ந்ததே காரணம்.

இப்போது பாட்டிலை எடுத்துவிட்டு, அதே அகலமுள்ள ஒரு தடித்த அட்டையை நிறுத்தி, முன்போலவே ஊதுங்கள். சுடர் அணையாது. அது மட்டுமன்று, அட்டையை நோக்கி, அதாவது உங்களை நோக்கியே சாயும்! நீங்கள் ஊதும் திசைக்கு எதிர்த்திசையில் அங்கே காற்று ஓடுகிறது என்பதைச் சுடர் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த அட்டைதான் நமது லாரி. எரியும் சுடர் அட்டையைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் வந்த பொறியாளர்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மொஹாவி பாலைவனத்தில் எட்வர்ட்ஸ் என்ற இடம் இருக்கிறது. அங்குள்ள நாசா ஆய்வு நிலையத்தில் மிக வேகமான விமானங்களைச் சோதித்து வந்தார்கள். அங்கே பணியாற்றிய பொறியாளர்களில் ஒருவர் எட்வின் சால்ட்ஸ்மன். அவர் சைக்கிளில் வேலைக்குச் செல்வதுண்டு.

1973-ஆம் ஆண்டில் அவர் ஒன்றைக் கவனித்தார். பெரிய லாரி தம்மைக் கடக்கும்போது, முதலில் அதன் முன்பகுதி வந்ததும் ஒரு தள்ளு. சைக்கிள் சாலையை விட்டு வெளியே சாய்ந்தது. லாரி கடந்து முடிந்ததும் ஓர் இழுப்பு. சைக்கிள் சாலையை நோக்கிச் சாய்ந்தது. விமானங்களைச் சுற்றி ஓடும் காற்றை ஆராய்ந்து பழகிய அவருக்கு இதன் பொருள் உடனே புரிந்தது. முன்னால் லாரி காற்றை விலக்கித் தள்ளுகிறது. பின்னால் நிரம்பாத இடத்தை நிரப்பக் காற்று விரைகிறது. நாம் மேலே கண்ட இரண்டு செயல்களையும் அவருடைய உடலே அளந்து சொல்லிவிட்டது.

அதே ஆண்டின் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி தோன்றியது. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. லாரிகள் வீணாக்கும் எரிபொருள் திடீரென்று எல்லோருடைய கவலையும் ஆயிற்று.

சால்ட்ஸ்மனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு பழைய வேனை எடுத்தார்கள். அதன்மேல் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, எல்லா மூலைகளும் செங்கோணமாக உள்ள ஒரு பெட்டியாக அதை மாற்றினார்கள். செருப்புப் பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருந்தது அந்த வண்டி! பக்கங்களில் சிறு சிறு நூல்களை ஒட்டினார்கள். காற்று தழுவிச் செல்லும் இடத்தில் நூல்கள் வரிசையாகப் படிந்து கிடக்கும். காற்று பிரிந்த இடத்தில் தாறுமாறாகத் துடிக்கும்.

காற்றுத்தடையை அளந்த முறை மிக எளிமையானது. வண்டியை வேகமாக ஓட்டி, கியரிலிருந்து விடுவித்து, தானாகவே ஓட விட்டார்கள். வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று அளந்தார்கள். நிறையை வேகக்குறைவின் வீதத்தால் பெருக்கினால் தடுக்கும் விசை கிடைக்கும். நீங்கள் படித்த நியூட்டனின் இரண்டாம் விதிதான். டயர் முதலிய பாகங்களின் உராய்வைக் கழித்தால் மிஞ்சுவது காற்றுத்தடை.

பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்தார்கள். முன்னும் பின்னும் உள்ள செங்குத்து மூலைகளை வளைத்தபோது காற்றுத்தடை 40 சதவீதம் குறைந்தது. அதற்காக இழந்த உள்ளிடம் 1.3 சதவீதம் மட்டுமே. கிடைமட்ட விளிம்புகளையும் வளைத்தபோது தடை மொத்தம் 54 சதவீதம் குறைந்தது. இழந்த உள்ளிடம் 3 சதவீதம். பின்னர், பின்புறத்தில் படகின் வால்போல் ஒடுங்கும் ஒரு பகுதியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதனால் மட்டும் தடை சுமார் 15 சதவீதம் குறைந்தது.

கூர் மூலைகள் நிறைந்த ஒரு பெட்டியில் கிடைத்த அளவுகள் இவை; எல்லா லாரிக்கும் அப்படியே பொருந்தமாட்டா. ஆயினும் வழி தெரிந்துவிட்டது. இன்று பல நாடுகளில் ஓடும் லாரிகளின் வளைந்த முகப்பு, ஓட்டுநர் அறைக்கு மேலே சரிவாக எழும் தகடு, சக்கரங்களுக்கு இடையே தொங்கும் பக்கத் திரை, பின்கதவு ஓரத்தில் உள்நோக்கிச் சாயும் பலகைகள் ஆகிய எல்லாம் காற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டவையே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காற்றுத்தடையைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. காற்றின் அடர்த்தி, முகப்புப் பரப்பு, வேகத்தின் இருமடி, தடைக் குணகம் ஆகிய நான்கையும் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். தடைக் குணகம் என்பது வடிவத்தைக் குறிக்கும் எண். காற்றுக்கு நேர்முகமாகப் பிடித்த தட்டையான வட்டத் தகட்டுக்கு அது சுமார் 1.1. இன்று விற்பனையாகும் நல்ல வடிவமுள்ள கார்களுக்கு 0.25 முதல் 0.30 வரை. நமது பெட்டி லாரிக்கு 0.8 என்று கொள்வோம்.

முகப்பு 8 சதுர மீட்டர் கொண்ட நமது லாரியின் காற்றுத்தடை இவ்வாறு அமையும்:

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுமார் 475 நியூட்டன்.
மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமார் 1,070 நியூட்டன்.
மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 1,900 நியூட்டன்.

வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காவதைக் கவனியுங்கள். தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகிறது. 40 கி.மீ. வேகத்தில் காற்றை வெல்ல 5.3 கிலோவாட் போதும். 80 கி.மீ. வேகத்தில் 42 கிலோவாட் தேவை. இது சுமார் 57 குதிரைத் திறன்.

சுமையோடு சேர்த்து 16 டன் எடையுள்ள லாரியின் டயர்கள் உருள்வதற்கு ஏற்படும் தடை சுமார் 1,100 நியூட்டன் என்று கொள்ளலாம். இது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. ஆகவே நகருக்குள் மெதுவாகச் செல்லும்போது லாரிக்கு டயரே பெரிய எதிரி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் டயரும் காற்றும் சமம். அதற்கு மேல் காற்றே முதல் எதிரி.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் 40 சதவீதம் பயனுள்ள வேலையாக மாறுவதாகக் கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. ஓடக் காற்றுக்காக மட்டும் சுமார் 13 லிட்டர் டீசல் செலவாகும். தடையை 15 சதவீதம் குறைத்தால் 2 லிட்டர் மிச்சம். நாளொன்றுக்கு 500 கி.மீ. ஓடும் லாரிக்கு 10 லிட்டர் மிச்சம். ஆண்டு முழுவதும் எவ்வளவு, ஆயிரம் லாரிகளுக்கு எவ்வளவு என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள். டீசல் எரியாதபோது அதன் புகையும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளியும் மீனும்

பின்புறத்தில் காற்று பிரியாமல் இருக்க வேண்டுமானால் என்ன செய்யலாம்? மேட்டைச் செங்குத்தாக வைக்காமல், நீண்ட மெல்லிய சரிவாக அமைக்க வேண்டும். முன்புறம் உருண்டு, பின்புறம் நீண்டு ஒடுங்கும் வடிவம் அது. மீனின் உடலைப் பாருங்கள். அதன் தலைப்பக்கம் மழுங்கியிருக்கும். வால்பக்கம்தான் மெலிந்து நீளும். தண்ணீரைக் கிழிக்கக் கூரான முகம் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். மீனுக்கு அது வேண்டியிருக்கவில்லை!

இந்த வடிவத்தைத் 'துளி வடிவம்' என்பார்கள். வானிலிருந்து விழும் மழைத்துளி உண்மையில் இப்படி இருப்பதில்லை. சிறு துளிகள் உருண்டையாகவும், பெரிய துளிகள் அடிப்புறம் தட்டையாகி இட்லிபோலவும் இருக்கின்றன. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

விமான வடிவமைப்பாளர் எட்மண்ட் ரும்ப்ளர் 1921-இல் பெர்லின் கண்காட்சியில் துளி வடிவக் கார் ஒன்றை வைத்தார். அதைப் பார்த்தவர்கள் வியந்தார்கள், வாங்கியவர்கள் சிலரே. 1979-இல் அந்தக் காரைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது அதன் தடைக் குணகம் 0.28 என்று தெரிந்தது. இன்றைய நல்ல கார்களுக்கு இணையான அளவு!

துளி வடிவத்தில் ஒரு தொல்லை. வால் மிக நீளமாக இருக்க வேண்டும். அவ்வளவு நீளமான காரை எங்கே நிறுத்துவது? 1930-களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வுனிபால்டு காம் என்ற பேராசிரியர் இதற்கு வழி சொன்னார். வால் ஒடுங்கத் தொடங்கி ஓரளவு சென்றதும், மீதியைச் சட்டென்று செங்குத்தாக வெட்டிவிடலாம். வெட்டிய முகம் சிறியதாக இருப்பதால் அதன் பின்னால் உருவாகும் சுழல் மண்டலமும் சிறியதாகவே இருக்கும். நீண்ட வாலின் பலனில் பெரும்பகுதி குட்டை வாலிலேயே கிடைத்துவிடும். இன்று பல கார்களின் கூரை பின்னோக்கி மெல்லத் தாழ்ந்து வந்து திடீரென்று முடிவதைப் பார்க்கலாம்.

ஒரு பாகையில் வந்த மாற்றம்

சரி, கூரை எவ்வளவு சரியலாம்? 1984-இல் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் எஸ். ஆர். அகமது என்பவரும் உடன் பணியாற்றிய இருவரும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு மீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுள்ள ஒரு பெட்டி. முன்புற ஓரங்கள் நன்றாக வளைக்கப்பட்டவை. பின்புறத்தில் மட்டும் பல்வேறு சரிவுகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம்.

அவர்கள் கண்டது என்ன? மொத்தத் தடையில் சுமார் 85 சதவீதம் அழுத்த வேறுபாட்டால் வருவது. அதில் பெரும்பகுதி பின்புறத்தில் உண்டாவது. முன்புறத்தைச் சரிசெய்துவிட்ட பிறகு, எஞ்சுவது பின்புறத்தின் தொல்லையே என்பது இதனால் உறுதியாயிற்று.

சரிவு 12 பாகை அளவில் இருக்கும்போது காற்று அதைத் தழுவி இறங்கியது. தடைக் குணகம் சுமார் 0.23. சரிவைக் கூட்டக் கூட்டத் தடையும் ஏறியது. சரிவின் இரு பக்க விளிம்புகளிலிருந்தும் முறுக்கிய கயிறுபோல் இரண்டு நீண்ட சுழல்கள் கிளம்பியதே காரணம். 30 பாகையில் தடைக் குணகம் சுமார் 0.38 ஆயிற்று. அதைச் சற்றே தாண்டியதும் ஒரு வியப்பு! தடை திடீரென்று 0.26 அளவுக்கு விழுந்துவிட்டது. சரிவு மிகச் செங்குத்தாகிவிட்டதால் காற்று கூரையின் முனையிலேயே முழுவதுமாகப் பிரிந்தது. கயிறுபோன்ற அந்தச் சுழல்களும் வலுவிழந்தன. ஆகவே 'சரிவாக இருந்தால் நல்லது' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கண்ணுக்குச் சீராகத் தோன்றும் வடிவம் காற்றுக்கும் சீராக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அளந்து பார்த்தே அறிய வேண்டும்.

சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு

லாரிக்குப் பின்னால் ஒட்டிச் சென்றால் மிதிப்பது எளிதாக இருக்கும். எதிர்க்காற்று இல்லை, கூடவே வரும் சுழல் காற்றும் சற்று முன்னே இழுக்கும். இதை அறிந்த சிலர் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கிறோம். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 11 மீட்டர். முன்னால் போகும் லாரி பிரேக் போட்டதை நாம் கண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடியாவது ஆகும். அதற்குள் 11 மீட்டர் போய்விடுவோம். லாரிக்கும் சைக்கிளுக்கும் இடையே இருப்பதோ மூன்று மீட்டர்! மேலும், பின்னால் வருபவரை லாரி ஓட்டுநர் பார்க்கவும் முடியாது. காற்று தரும் அந்த இலவச உதவி நமக்கு வேண்டாம்.

லாரியோ பேருந்தோ கடந்து செல்லும்போது முதலில் ஒரு தள்ளு, பின்னர் ஓர் இழுப்பு வரும் என்பதை நினைவில் வையுங்கள். கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். தள்ளை மட்டும் எதிர்பார்த்து உடலைச் சாலைப் பக்கம் சாய்த்து வைத்திருப்பவரை, அடுத்து வரும் இழுப்பு அதே பக்கமாகக் கொண்டுபோய்விடும். சாலையின் ஓரத்தில் இடம் விட்டு, நேராக ஓட்டுவதே பாதுகாப்பு.

செய்து பாருங்கள்

ஒரு மேசை விசிறி, இரண்டு அட்டைப் பெட்டிகள், சில உருளைப் பென்சில்கள், நூல், ஒரு மெல்லிய ரப்பர் வளையம் ஆகியவை போதும். சிறிய காற்றுச் சுரங்கம் தயார். விசிறிக் காற்று சுழன்று வருவதால் அதை நேராக்க வேண்டும். காகிதத்தைச் சுருட்டிச் செய்த பல குழாய்களைத் தேன்கூடுபோல் அடுக்கி ஒட்டி, விசிறிக்கு முன்னால் நிறுத்துங்கள். உண்மையான காற்றுச் சுரங்கங்களிலும் இப்படித் தேன்கூட்டு அமைப்பு உண்டு.

பென்சில்களை உருளைகளாக வைத்து அவற்றின்மேல் பெட்டியை வையுங்கள். பெட்டியின் முன்புறத்தில் ரப்பர் வளையத்தைக் கட்டி, வளையத்தின் மறுமுனையை விசிறிப் பக்கம் அசையாத ஒன்றில் மாட்டுங்கள். காற்று பெட்டியைத் தள்ளும்போது வளையம் நீளும். எவ்வளவு நீள்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதே முகப்பு அளவுள்ள மற்றொரு பெட்டியின் முன் ஓரங்களைத் தடித்த காகிதத்தால் வளைவாக்கிச் சோதியுங்கள். இரண்டு பெட்டிகளின் எடையும் சமமாக இருக்கட்டும். பிறகு அதன் பின்னால் உள்நோக்கி ஒடுங்கும் அட்டை வால் ஒன்றை ஒட்டிச் சோதியுங்கள். வாலின் சரிவை 5, 10, 20, 30 பாகை என்று மாற்றுங்கள். பக்கங்களிலும் வாலிலும் நூல் துண்டுகளை ஒட்டி, எங்கே படிந்து கிடக்கின்றன, எங்கே துடிக்கின்றன என்று வரைந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. நமது லாரியின் ஓட்டுநர் எந்தத் தகட்டையும் பொருத்தவில்லை. வேகத்தை மட்டும் 80 கி.மீ.யிலிருந்து 65 கி.மீ.க்குக் குறைக்கிறார். 100 கி.மீ. தூரத்தைக் கடக்க அவருக்கு எத்தனை நிமிடம் கூடுதலாகும்? காற்றுக்காகச் செலவாகும் 13 லிட்டரில் எவ்வளவு மிச்சமாகும்? விடை: சுமார் 17 நிமிடம், ஏறத்தாழ நாலரை லிட்டர். எப்படி வந்தது என்று செய்து பாருங்கள்.